முப்பதைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்

ஆணோ பெண்ணோ, வயது இருபதோ எண்பதோ, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைட்டமின் டி 30 நானோகிராமுக்குக் கீழே போனால் எல்லாரும் நோயாளிகள்தான் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். தீர்வும் அவரே சொல்லிவிடுகிறார்: வாரம் ஒரு 60,000 யூனிட், ஆயுள் முழுக்க. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த 30 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2011இல் சொன்ன எண் அது. அதே சொசைட்டி 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 30ஐக் கைவிட்டுவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமான பரிசோதனையே வேண்டாம் என்றும் எழுதிவிட்டது. சொன்னவர்களே கைகழுவிய எண்ணை நம் தலையில் கட்டுவதற்கு இவர் யார்? எலும்பு நலத்துக்கு 20 இருந்தால் நூற்றில் 97 பேருக்கு மேல் போதும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2011இலேயே கணக்கிட்டது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 22 என்று வந்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'போதாது' என்று அச்சாகியிருந்தால், நன்றாக இருக்கிற மனிதர் அன்று இரவு தூங்குவாரா?

வாரம் 60,000 என்றால் நாளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். பெரியவர்களுக்குப் பாதுகாப்பான உச்சவரம்பு நாளுக்கு 4,000 யூனிட். குறைபாடு உறுதியானவருக்குச் சில வாரங்கள் கொடுக்கிற சிகிச்சையை ஆயுள் முழுக்க எல்லாருக்கும் நீட்டச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வெளியானது: மருந்து சாப்பிட்டவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடியிருந்தன. அதிகமாகக் கொடுத்தால் அதிக நன்மை என்ற நம்பிக்கையை அந்தப் பெண்களின் எலும்புகளே பொய்யாக்கின.

சுமார் 26,000 பேரிடம் நடந்த வைட்டல் என்ற ஆய்வில் தினம் 2,000 யூனிட் கொடுத்தும் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லையே என்று கட்டுரையாளர் வாதிடலாம். நானும் அதைத்தான் சொல்கிறேன்: குறையில்லாதவருக்குக் கொடுத்துப் பயனில்லை.

குறை யாருக்கு வரும்? வயதும் வாழ்க்கையும்தான் அதைச் சொல்லும். முதிய தோல் அதே வெயிலில் இளம் தோல் உண்டாக்குவதில் பாதிகூட உண்டாக்குவதில்லை என்று 1985இலேயே காட்டிவிட்டார்கள். கண்ணாடி ஜன்னல் வழியே விழும் வெயிலால் வைட்டமின் டி உண்டாகாது. அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மாடி வீட்டை விட்டு இறங்க முடியாத பாட்டி, மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும் பெண், உடல் முழுக்க மூடியபடி வீட்டுக்குள்ளேயே வேலை செய்பவர், இவர்களையெல்லாம் முப்பது வயது ஆணோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது அந்தக் கட்டுரை. 2024 வழிகாட்டுதல் 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனை இல்லாமலே வைட்டமின் டி பரிந்துரைக்கிறது. அந்த வயதுக்காரர்களைப் பற்றிக் கட்டுரையில் தனியாக ஒரு வரிகூட இல்லை.

வாசகர்களே, உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லாமல் 22 என்ற எண்ணை மட்டும் பார்த்து மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். வீட்டில் நடமாட முடியாத பெரியவர் இருந்தால் அவரை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.