முற்றமும் மின் மீட்டரும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று ஊரைப் பார்த்த நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஓட்டு வீடுகளுக்கு நடுவே காங்கிரீட் தளங்கள். அத்தளங்களுக்கு மேல் தகரக் கொட்டகைகள். குடும்பம் பெருகுகிறது, மனை பெருகவில்லை. ஆகவே வீட்டை நீட்டுகிறோம், உயர்த்துகிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் காற்றையும் வெளிச்சத்தையும் எண்ணாமல் கட்டுவதால், மின்கட்டணத்தையும் சேர்த்தே கட்டிக்கொள்கிறோம் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டையே சான்றாகச் சொல்கிறேன். அண்ணன் திருமணத்திற்காக முற்றத்தை மூடி அறையாக்கினோம். அதுவரை அடுப்படிக்கும் கூடத்திற்கும் வெளிச்சமும் காற்றும் அவ்வழியே காசின்றி வந்தன. இன்று நட்ட நடுப்பகலில் அம்மா விளக்கைப் போட்டுத்தான் அரிசி களைகிறார். புது அறையில் ஒரு விசிறி. காற்று நின்றுபோன கூடத்தில் இன்னொன்று. 75 வாட் விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டுக்கும் 108 யூனிட். தமிழக அரசு 2016-இல் இரு மாதத்திற்கு இலவசமாக்கியது 100 யூனிட்தான்!

காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி, இரவில் அறைக்குள் விடுகிறது. இது இயற்பியல் வகுப்பில் படித்த பாடமே. சித்திரை மாத இரவுகளில் அண்ணனும் அண்ணியும் தங்களுக்கெனக் கட்டிய அறையை விட்டு மொட்டைமாடிக்குப் போகிறார்கள். இப்போது ஏ.சி. வாங்கப் பேச்சு நடக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லையா? வீடுகளின் கூரையும் சுவரும் உள்ளே விடும் வெப்பத்தைக் குறைக்க, மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதிகளை வெளியிட்டது. ஆனால் அவை 500 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 12 சென்ட், அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளுக்கே என வகுக்கப்பட்டன. இரண்டு சென்ட் மனைக்காரர்களுக்கு அவரவர் அறிவே சட்டம்.

வழி கடினமானதன்று. தளத்தின் மேல் தட்டோடு பதிக்கலாம்; வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் வைக்கலாம். முற்றத்தை மூடினாலும் நான்கடி திறப்பு விட்டுக் கம்பி போடலாம். ஏ.சி.க்கு முன் இதைச் செய்வோம் என்று அப்பாவிடம் வாதாடி வருகிறேன்.

நாளை நாமும் வீடு கட்டுவோம். கொத்தனாரிடம் எத்தனை சதுர அடி என்று கேட்குமுன், காற்று எந்தப் பக்கம் வரும் என்று கேட்போம்!