தேதி முடிவது கார்டுக்கு, உரிமைக்கு அல்ல

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1929-ல். அங்கே படித்துவிட்டு அமெரிக்கா போய்க் குடியேறியவர்கள் ஏராளம். அந்த வீடுகளில் இப்போது போன் பேச்சில் பாதி காகிதப் பேச்சுதான். கிரீன் கார்டு புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்றா, புதுக் கார்டு தபாலில் வந்ததா, வருவதற்குள் ஊருக்குக் கிளம்பலாமா, கிளம்பினால் திரும்ப விடுவார்களா? விசாவில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்றார்கள். டிசம்பரில் சமூக ஊடகக் கணக்குகளைத் துருவும் நடைமுறை வந்து தூதரக நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. விசா முத்திரைக்காக ஊருக்கு வந்தவர்கள் வேலைக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். இவர்களுக்காகத் தில்லி குரல் கொடுப்பது நியாயம்தான்.

ஆனால் இத்தனை கெடுபிடிக்கு நடுவிலும் அமெரிக்கச் சட்டம் ஒன்றில் தெளிவாக நிற்கிறது. கிரீன் கார்டில் அச்சிட்ட தேதி கார்டுக்குத்தான் முடிவு. குடியிருக்கும் உரிமைக்கு அல்ல. 10 ஆண்டுக் கார்டு முடியும் தறுவாயில் புதுப்பிப்புக்கான ஐ-90 படிவம் கொடுத்தால் ஒரு ரசீது வருகிறது. 2024 செப்டம்பர் 10 முதல் அந்த ரசீது பழைய கார்டின் ஆயுளை 36 மாதம் நீட்டிக்கிறது. காலாவதியான கார்டும் ரசீதும் கையில் இருந்தால் வேலை பார்க்கலாம், ஊருக்கு வந்து திரும்பலாம். வந்த இடத்தில் கார்டு தொலைந்துவிட்டால் விமானம் ஏறுவதற்கான ஆவணத்தைத் தூதரகத்தில் பெறலாம். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்க வேண்டியவர் கிளம்புமுன் விண்ணப்பித்தால் 2 ஆண்டு செல்லும் மறுநுழைவு அனுமதி உண்டு. அலுவலகம் தாமதித்தால் அதற்கான தண்டனை குடியேறியவர் தலையில் விழக் கூடாது என்பதே இந்த விதிகளின் சாரம்.

இந்த ஒரு கோட்பாட்டை நம் கடலூர் மாவட்டத்திலேயே உரசிப் பார்க்கலாம். கடலூரிலிருந்து வடலூர் போகும் வழியில் குறிஞ்சிப்பாடியிலும் அம்பலவாணன்பேட்டையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் வாழும் இடங்கள். 2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் சொன்ன கணக்குப்படி தமிழகம் முழுக்க 108 முகாம்களில் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே வாழ்வோர் 34,087 பேர். அன்று அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் வீடுகள் எழுந்தன, மாத உதவித்தொகை கூடியது, அகதிகள் முகாம் என்ற பலகை மறுவாழ்வு முகாம் என்று மாறியது. மாநில அரசு தன் கைக்கு எட்டியதில் கணிசமாகச் செய்தது. ஆனால் கூரை கிடைத்த குடும்பத்துக்கு, அந்தக் கூரையின் கீழ் சட்டப்படி இருக்கும் உரிமை இன்னும் கிடைக்கவில்லை.

முகாமில் வளர்ந்த ஒரு பிள்ளையின் கையில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். இங்குள்ள மருத்துவமனையில் பிறந்ததற்கான சான்று, இங்குள்ள பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், கல்லூரிப் பட்டம், ஆதார், முகாம் அடையாள அட்டை. வேலை தரும் நிறுவனத்தின் படிவத்தில் ‘குடியுரிமை’, ‘பாஸ்போர்ட் எண்’ என்ற இரண்டு கட்டங்கள் வரும்போது இத்தனையும் செல்லாக் காகிதமாகிவிடுகின்றன. பொறியியல் படித்தவர் பெயின்ட் அடிக்கப் போவது முகாம்களில் பழகிப்போன செய்தி. அரசு வேலைக்கு வழியில்லை. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகப் பாஸ்போர்ட் இல்லை. பக்கத்துப் பரங்கிப்பேட்டைக்காரருக்குத் திறந்திருக்கும் கடல்வழி இவருக்கு மூடியிருக்கிறது. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வந்த கெடுபிடியின் மிச்சமும் தொடர்கிறது. நாள்கணக்கில் வெளியூரில் தங்குவதென்றால் முகாம் வருவாய் ஆய்வாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கணக்கெடுப்பு நாளில் ஆள் நிற்க வேண்டும்.

இலங்கைக்கே போய்ப் பார்க்கலாம் என்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் வாங்கி, பிறகு இந்திய அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். அது ஒருவழிச் சீட்டு. போனால் முகாம் பதிவு போய்விடும். ஊரில் காணி எஞ்சியிருக்கிறதா, வீடு நிற்கிறதா, பிழைக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்கும் வாய்ப்பே இல்லாமல், வாழ்நாள் முடிவை இருந்த இடத்திலேயே எடுக்கச் சொல்கிறோம். திரும்பிப் போகத் தயங்குகிறார்கள் என்று பிறகு அவர்கள் மீதே குறை சொல்கிறோம்.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஒரு நல்ல அடி எடுத்துவைத்தது. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகப் புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ் வழக்கு பாயாது என்றது. அதை வரவேற்கிறோம். ஆனால் தண்டனையிலிருந்து கிடைக்கும் விலக்கு ஒன்று. இருப்பதற்கான உரிமை வேறொன்று. விலக்கைக் காட்டி வேலை வாங்க முடியாது, விமானம் ஏற முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது. இலங்கையை ஏன் விட்டார்கள் என்பதற்குத் தமிழகம் ஏற்கும்படியான பதில் இன்றுவரை இல்லை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதுமில்லை. கர்நாடகத்தின் பைலகுப்பேயில் வாழும் திபெத்தியர்களுக்கு இந்தியா புதுப்பிக்கத்தக்க பதிவுச் சான்று தருகிறது. வெளிநாடு செல்ல மஞ்சள் நிற அடையாளப் புத்தகமும், அதில் இந்தியாவுக்குத் திரும்பி வர ஆட்சேபமில்லை என்ற குறிப்பும் உண்டு. அதிலும் தாமதமும் தொல்லையும் இருக்கலாம். ஆனால் வாசல் இரண்டு பக்கமும் திறக்கிறது. பைலகுப்பேக்குப் பொருந்துவது குறிஞ்சிப்பாடிக்கு ஏன் பொருந்தாது?

இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்வு ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில் குறிப்பிட்டது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதும் உண்மை. ஆனால் இவர்கள் நேற்று வாசலில் வந்து நின்றவர்கள் அல்லர். பெரும்பாலோர் ஒரு தலைமுறைக்கு மேலாக அரசின் பதிவேட்டில் இருப்பவர்கள். பேர், விரல்ரேகை, குடும்பம் எல்லாம் காவல்துறைக்குத் தெரியும். பாதுகாப்புக் கவலை உள்ளவர்கள் பதிவில்லாதவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இங்கே உரிமை கொடுத்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும் என்று தமிழுணர்வின் பெயரால் வரும் மறுப்பையும் மதிக்கிறோம். அதற்கும் பதில் போய்வரும் உரிமையில்தான் இருக்கிறது. திரும்ப வரலாம் என்ற உறுதி இருப்பவரே துணிந்து போய்ப் பார்ப்பார். பார்த்தவர்களில் சிலராவது அங்கேயே தங்குவார்கள்.

எனவே மத்திய அரசு முதலில் செய்ய வேண்டியது, பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் 10 ஆண்டு செல்லும் குடியிருப்பு அட்டை. புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதே புதிய அட்டை கைக்கு வரும்வரை செல்லும் என்ற விதியும் கூடவே எழுதப்பட வேண்டும். அடுத்தது, திரும்பி வரும் குறிப்போடு கூடிய பயண ஆவணம். மூன்றாவது, சட்டம் ஏற்கெனவே கொடுத்திருப்பதைத் தடுக்காமல் கொடுப்பது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பெற 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போக வேண்டியிருந்தது; 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியக் குடியுரிமை வாக்களித்த மலையகத் தமிழரின் வழித்தோன்றல்களும் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்கள் மனுக்களைப் பரிசீலிக்கும்படி 2019-லேயே அதே மதுரைக் கிளை கூறியது.

மாநில அரசு தில்லியின் பதிலுக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. வெளியூர்த் தங்கலுக்கு அனுமதி கேட்கும் வழக்கத்தை ஓர் உத்தரவில் நீக்கலாம். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் யார் யார் என்று முகாம்வாரியாகப் பட்டியலிட்டு, பிறப்புச் சான்று எடுத்துக் கொடுத்து, பாஸ்போர்ட் விண்ணப்பம் வரை அழைத்துப் போகலாம். கடலூர் மாவட்ட ஆட்சியர் இதைக் குறிஞ்சிப்பாடியில் தொடங்கினால் மற்ற மாவட்டங்களுக்கு அது முன்மாதிரியாகும்.

கார்டு வரத் தாமதமானாலும் எங்கள் பிள்ளைகளின் உரிமையில் கைவைக்காதே என்று அமெரிக்காவிடம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அதே நியாயத்தை நம் எல்லைக்குள் ஒருவருக்கும் மறுக்காதபோதுதான் அந்தக் கோரிக்கைக்கு எடை வரும்.