கூடமும் கோணலாயிருக்கலாம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைக என மலர்க் குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் கம்பனைப் பற்றியோ இளங்கோவைப் பற்றியோ எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவ்விடயங்களை என்னினும் நன்கு எழுத வல்லார் நம் பழைய மாணவருள் பலர் உளர். யான் எழுதப் புகுந்தது துடுப்பாட்டத் துடுப்பின் பிடியைப் பற்றி. நகைக்க விரும்புவோர் நகைத்துவிட்டு மேலே படிப்பாராக.

பெரகலச் சந்தியிலே பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று அப்புத்தளை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறுகின்றது. மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. இப்பக்கத்து மலைச்சரிவுகளிலே தேயிலைக்குப் போக எஞ்சிய சமநிலம் மிகச் சிறிது. அச்சிறு நிலத்திலேதான் எம் பிள்ளைகள் பந்தாடுகின்றனர். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து இப்பகுதிப் பாடசாலையொன்றிற் கடமையேற்ற புதிதில், இளையவன் என்பதனால் விளையாட்டுப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் பயிற்சிக்கு வந்தான். சிறிய உடல், அதனினும் சிறிய கைகள். அவன் அடித்த பந்தெல்லாம் வானை நோக்கி எழுந்தன. பந்து பட்டபோதெல்லாம் துடுப்பு அவன் கைக்குள்ளே திரும்பிற்று. மூன்றாம் நாள் அவன் என்னிடம் வந்து, “சேர், பிடி ரொம்பத் தடிப்பா இருக்கு, கையில நிக்க மாட்டேங்குது” என்றான். தமிழாசிரியனுக்குப் பழமொழிக்குப் பஞ்சமுண்டோ? “ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்றேன். சூழ நின்ற பிள்ளைகள் சிரித்தனர். மறுநாள் அவன் வரவில்லை. அதன்பின் ஒருநாளும் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, லயத்தின் பின்புறத்து வெளியிலே அவன் ஆடக் கண்டேன். பலகையொன்றைத் தானே செதுக்கிப் பிடிக்கு மிதிவண்டி ரியூப்பைச் சுற்றியிருந்தான். அடித்த பந்து தரையோடு தரையாய்ப் பாய்ந்து தேயிலைக்குள் மறைந்தது. நான் பாடசாலைக்கு மீண்டு, அலுமாரியிலிருந்த துடுப்பை எடுத்து அதன் றப்பர் உறையை உரித்துப் பார்த்தேன். அதன்கீழ் மற்றோர் உறை, அதன்கீழ் இன்னுமொன்று. நெடிய கையுடைய எவனோ தன் வசதிக்கு மாட்டிய மூன்று உறைகளை, அவனுக்குப்பின் வந்த பிள்ளைகள் எல்லாரும் சுமந்திருந்தனர். கூடம் உண்மையிலேயே கோணலாயிருந்தது.

இதனை யான் அறியாதிருந்ததற்கு மன்னிப்பில்லை. என் தந்தையார் கவ்வாத்துக்காரர். புதிய கவ்வாத்துக் கத்தி கைக்கு வந்தால் அதனை அப்படியே மலைக்குக் கொண்டு போகமாட்டார். மாலையில் வாசற்படியில் அமர்ந்து, உடைந்த போத்தற் சில்லினாற் பிடியைச் சுரண்டுவார். இறுகப் பிடித்துப் பார்ப்பார். மீண்டும் சுரண்டுவார். தம் விரல்கள் உள்ளங்கையோடு அளவாய் வந்து பொருந்தும்வரை அவ்வேலை ஓயாது. தடித்த பிடியை இறுக்கிப் பிடித்தால் உச்சிப்பொழுதுக்குள் முன்னங்கை சோர்ந்துவிடும்; சோர்ந்த கையிலிருந்து கத்தி வழுகினால் வெட்டுவது செடியையன்று, காலை. “கைக்கடக்கம்” என்னும் சொல்லை யான் நிகண்டிலிருந்து கற்கவில்லை, அவ்வாசற்படியிலே கற்றேன். கலாசாலையிலும், பிள்ளையின் உயரத்துக்கேற்ப வாங்கும் மேசையும் அமைய வேண்டுமென்று படித்துச் சித்தியெய்தினேன். ஆயினும் விளையாட்டறையின் வாயிலைத் தாண்டியதும் இவ்விரண்டு கல்வியும் என்னைவிட்டு நீங்கின.

துடுப்புச் செய்த முன்னோர் இதனை மறக்கவில்லை. முற்காலத்துத் துடுப்பு ஒரே மரத்திற் கடைந்தது. பந்து பட்ட அதிர்ச்சி முழுவதும் ஆடுவோன் கையில் இறங்கும். பின்னர் வேறு பிடி செய்து பொருத்தினர். அதுவோ பொருத்து மூலையில் முறிந்தது. 1880களிலே சாள்ஸ் றிச்சட்சன் என்னும் பொறியியலாளர், பிரம்பினாற் பிடி செய்து, வில்லோ மரத்து அலகினுள் ஆப்புப்போற் கூர்ந்து இறங்குமாறு இணைக்கும் முறையை வகுத்தார். இவர் இங்கிலாந்தின் செவேண் ஆற்றின்கீழ்ப் புகைவண்டிச் சுரங்கம் அமைத்த தலைமைப் பொறியியலாளர். அத்துணைப் பெரிய சுரங்கம் குடைந்தவர் ஒரு பிடிக்காகவும் சிந்தனை செலவிட்டார் என்பது எனக்கு என்றும் வியப்பே. பிரம்புத் துண்டுகளுக்கிடையே றப்பர்க் கீற்றுகளை வைத்து ஒட்டுவதும் அதிர்ச்சியைத் தணித்தற்கேயாம். இன்று சிறுவர்க்கென 1 முதல் 6 வரை எண்ணிட்ட துடுப்புகளும், அதன்மேல் ‘ஹரோ’ என்னும் அளவும், அதற்கும் மேல் வளர்ந்தோர்க்குரிய முழு அளவும் செய்யப்படுகின்றன. ஏறத்தாழ ஐந்தரை அடி உயரம் எய்தாதவனுக்கு முழு அளவு பொருந்தாது என்பது செய்வோர் கூறும் பொதுக் கணக்கு. ரெனிஸ் மட்டையின் பிடிக்கோ 4 அங்குலம் முதல் 4⅝ அங்குலம்வரை சுற்றளவு வகுத்துள்ளனர். அதனைப் பிடித்தபின் மோதிர விரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையே மற்றக் கையின் சுட்டுவிரல் நுழையுமளவு வெளி இருத்தல் வேண்டும் என்பர்.

ஆட்டச் சட்டமும் இவ்வேற்றுமையை ஏற்கின்றது. வளர்ந்த ஆடவர் பந்து 155.9 முதல் 163 கிராம். பெண்கள் பந்து 140 முதல் 151. பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவர் பந்து 133 முதல் 144. பந்தைச் சிறுவனுக்காகக் குறைத்துவிட்டுத் துடுப்பை மட்டும் அவன் அண்ணனுக்குரியதாய்க் கொடுப்பது எவ்வகை நீதி? 2024இல் நம் நாட்டுப் பெண்கள் தம்புள்ளையிலே இந்திய அணியை வென்று ஆசியக் கிண்ணம் கொண்டபின், எம் மாணவியரும் பந்தும் துடுப்பும் கேட்டு வருகின்றனர். அவர்களுக்கும் அதே பழைய துடுப்பைத்தான் நீட்டுகின்றோம்.

தெண்டுல்கர் இளமையில் தமையனின் பெரிய துடுப்பினால் ஆடித்தானே மேதையானார் என்பாரும் உளர். உண்மையே. அத்துடுப்பின் பாரத்தைத் தாங்கப் பிடியின் அடிப்பகுதியைப் பற்றிய பழக்கம் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை என்பதும் உண்மையே. அவருடைய கைக்கு அப்பழக்கம் கேடு செய்யவில்லை. அவரைப் போன்றார் ஒருவரைக் காட்டி, ஆட்டத்தையே விட்டுப் போன ஆயிரவரை மறைத்தல் தகாது. வேறோர் எடுத்துக்காட்டு நம்மவர் நெஞ்சில் இன்றும் உறுத்துவது. 2007 ஏப்பிரல் 28இல் பாபடோசில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்திலே, அவுஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ற் நமக்கெதிராக 104 பந்துகளில் 149 ஓட்டங்கள் குவித்தார். அன்று கீழ்க்கையின் கையுறைக்குள்ளே ஸ்குவாஷ் பந்தொன்றின் பாதியை அவர் வைத்திருந்தார். பிடி உள்ளங்கையிற் செவ்வையாய் அமைதற்காகச் செய்த உபாயம் அது. நம்மிற் சிலர் அது முறையன்று என்றனர். சட்டத்துக்கு மாறன்று என எம்.சி.சி. கழகம் தெளிவாக்கியது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரே தம் கைக்கும் பிடிக்கும் இடைப்பட்ட வெளியைப் பற்றி இவ்வளவு கவலை கொண்டார். எம் மாணவன் அதே கவலையைச் சொன்னபோது யான் பழமொழி சொன்னேன்.

விழா நிதியிலிருந்து வளைவு கட்டுவதா, கேடயம் வழங்குவதா எனப் பேச்சு நடப்பதாக அறிகின்றேன். வளைவு வேண்டாமென்று யான் கூறவில்லை. அதன் உயரத்தில் ஓரடி குறைந்தால் யாருக்கும் நட்டமில்லை என்று மட்டும் கூறுவேன். அப்பணத்தில் நம் கல்லூரிக்கும், பழைய மாணவர் கற்பிக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கும் 4, 5, 6, ஹரோ என்னும் அளவுகளில் துடுப்புகள் வாங்கித் தருக. விளையாட்டுப் பொறுப்பாசிரியர், துடுப்பை நீட்டுமுன் பிள்ளையின் உயரத்தையும் கையையும் பார்ப்பாராக. பணமில்லாத இடத்தும் மிகையான உறைகளை உரித்தெறியலாம். அதற்குக் காசு வேண்டுவதில்லை.

அன்று போனவன் இன்று ஒரு பிள்ளைக்குத் தந்தை. தன் மகனை எம் பாடசாலையிலே சேர்த்திருக்கின்றான். சிறுவன் இப்பொழுது நான்காம் வகுப்பு. சென்ற தவணை அவன் என்னிடம் வந்து துடுப்பாட்டத்திற் சேரலாமோ என்று கேட்டான். சேரலாம் என்றேன். அலுமாரியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று துடுப்புகள் இருந்தன, மூன்றும் முழு அளவு.