ஒலிம்பிக் வீராங்கனையையும் விடாத இரத்தக் கொதிப்பு!

அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை அல்லிசன் பெலிக்ஸ், 7 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2018-ம் ஆண்டு அவர் 8 மாதக் கர்ப்பிணி. வழக்கமான பரிசோதனைக்குப் போனார். கர்ப்பகால இரத்தக் கொதிப்பு முற்றியிருப்பதை டாக்டர்கள் கண்டார்கள். ஆபரேஷன் நடந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள்.

அவரோடு 2016-ல் ரியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் டோரி போவி. 2023-ல் சுமார் 8 மாதக் கர்ப்பிணியாக, தன் வீட்டில் தனியே இறந்து கிடந்தார். வயது 32. இதே நோயால் வரும் வலிப்பு காரணமாக இருக்கலாம் என்றது பிரேதப் பரிசோதனை.

உடல் பலம் மட்டும் இதற்குக் காவல் ஆகாது!

ஆபத்து யாருக்கு?

முதல் பிரசவம், 35-க்கு மேற்பட்ட வயது, இரட்டைக் குழந்தை, உடல் பருமன், நீரிழிவு, சிறுநீரக நோய் - இவை இருந்தால் ஆபத்து கூடும். முந்தைய பிரசவத்தில் இந்த நோய் வந்திருந்தாலும், தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருந்தாலும் கவனம் தேவை. அமெரிக்காவில் கருப்பினப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

தொடக்கத்தில் வலி இராது. அளந்து பார்த்தால்தான் தெரியும். அளவு 140/90-ஐ எட்டினால் டாக்டர் கவனிக்க வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் கண்டால் காத்திருக்கக் கூடாது.

பெலிக்சைப் பிழைக்க வைத்தது அந்த ஒரு நாள் பரிசோதனைதான்!