நாய்க்கடிக்கு இரண்டு ஊசி எதற்கு?

நாய் கடித்தவருக்கு டாக்டர் கையில் ஒரு ஊசி போடுகிறார். பிறகு, "கடிபட்ட இடத்திலும் ஊசி போட வேண்டும்" என்கிறார்.

"அதுதான் ஒரு ஊசி போட்டாகி விட்டதே! புண்ணிலும் எதற்கு?" என்று சிலர் எழுந்து வந்து விடுகிறார்கள்.

இது உயிருக்கே உலை வைக்கும் காரியம். இரண்டு ஊசியும் ஒன்றல்ல. கையில் போடுவது தடுப்பூசி. புண்ணில் போடுவது சீரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சொந்த பலம்

நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. நோய்க் கிருமி நுழைந்தால், அதை அடக்க ஆயுதம் செய்கிறது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். ஆனால், முன்பின் தெரியாத எதிரிக்கு ஆயுதம் செய்ய நாள் பிடிக்கும். எதிரி இன்னான் என்று முன்கூட்டியே காவல் படைக்குக் காட்டிக் கொடுப்பதுதான் தடுப்பூசி.

அதில் பல வகை உண்டு. தட்டம்மை ஊசியில் இருப்பது வலுவைக் குறைத்த உயிருள்ள கிருமி. நாய்க்கடி ஊசியில் இருப்பது செத்த கிருமி. ரண ஜன்னி ஊசியில் கிருமியே கிடையாது. கிருமி கக்கும் விஷத்தை முறித்துச் சேர்த்திருக்கிறார்கள். கொரோனாவுக்காக வந்த சில ஊசிகளில், கிருமியின் ஒரு பகுதியைச் செய்து பார்க்க உடம்புக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே இருந்தது.

எந்த வகையானாலும் உழைப்பது நம் உடம்புதான். பாடுபட்டுச் சேர்த்த பணம் போல, அந்த பலம் நெடுநாள் நிற்கும்.

இரவல் பலம்

சீரம் அப்படி அல்ல. குதிரையின் ரத்தத்திலோ, வேறு மனிதரின் ரத்தத்திலோ ஏற்கனவே உண்டான எதிர்ப்பொருளைப் பிரித்து எடுத்து நமக்குக் கொடுக்கிறார்கள். இப்போது ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்தும் எடுக்கிறார்கள்.

1890-ல் ஜெர்மனியில் பேரிங் என்பவரும், ஜப்பானியரான கிட்டசாட்டோவும் இந்த வழியைக் கண்டார்கள். தொண்டை அடைப்பான் நோய்க்குச் சீரம் கண்டதற்காக, 1901-ல் வைத்தியத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங்குக்குக் கிடைத்தது. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்தும் இந்த இனம்தான்.

இது கைமாற்றுப் பணம் போன்றது. அவசரத்துக்கு உடனே உதவும். சில வாரங்களில் தீர்ந்து விடும்.

இரண்டும் ஏன்?

நாய்க்கடி தடுப்பூசி போட்டதும் பலம் வந்து விடாது. எதிர்ப்பொருள் உண்டாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் புண்ணில் இருக்கும் கிருமி நரம்பைப் பிடித்து மூளையை நோக்கிக் கிளம்பி விடலாம். நோய் வெளியே தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

அந்த இடைவெளியில் புண்ணிலேயே கிருமியை மடக்குவது சீரம். அது தீர்வதற்குள் சொந்த பலம் வந்து சேர்ந்து விடும். முன்பே முறையாகத் தடுப்பூசி போட்டு முடித்தவருக்குச் சீரம் தேவையில்லை. தடுப்பூசி மட்டும் போதும். பழைய சேமிப்பு இருப்பவருக்குக் கடன் எதற்கு?

என்ன செய்ய வேண்டும்?

கடித்த உடனே, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் புண்ணைக் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். மந்திரித்துக் கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், "சீரம் போட வேண்டுமா?" என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் இல்லை என்றால், எங்கே கிடைக்கும் என்று விசாரித்து அன்றைக்கே போங்கள். முதல் நாள் தவறிப் போனாலும், முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் போடலாம்.

தடுப்பூசியைப் பாதியில் விடாதீர்கள். முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி போடுவார்கள். சதையில் ஆழமாகப் போடும் முறையானால் 14-ஆம் நாளும் உண்டு. கர்ப்பிணிக்கும் போடலாம், கைக்குழந்தைக்கும் போடலாம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் மலையேறி விட்டது. அந்தப் பயத்தைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டாதீர்கள். அடிக்குப் பயந்தோ, ஊசிக்குப் பயந்தோ கடிபட்டதைக் குழந்தை மறைத்தால், எந்த மருந்தும் உதவாது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. நாயால் வரும் இந்த நோயை 2030-க்குள் ஒழிப்பது என்று இந்தியா 2021-ல் திட்டம் போட்டது. நல்ல திட்டம். ஆனால், தடுப்பூசி இருக்கும் இடத்தில் சீரமும் இருக்க வேண்டும். கடிபட்ட குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஊர் ஊராக அலையும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.