எட்டாம் மாசமா? நாற்காலி கேளுங்க!

பாகலூரில் விடியும் முன்பே ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் தோழியே, எட்டாம் மாத வயிற்றோடு ஷிப்ட் முழுக்க நின்றால் கால் வீங்கும், இடுப்பு கழன்றதுபோல் வலிக்கும். சூப்பர்வைசரிடம் நாற்காலி கேட்கக் கூச்சமா? 1961-லேயே சட்டத்தில் எழுதிவைத்த உரிமை அது. பிரசவத் தேதிக்குச் சுமார் பத்து வாரம் முன்பிருந்தே, நீங்கள் கேட்டால், நெடுநேரம் நிற்கும் வேலை தரக்கூடாது. வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். டாக்டர் சீட்டோடு எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு, தேதிக்கு எட்டு வாரம் முன்பே சம்பளத்தோடு விடுப்பும் எடுக்கலாம்.

பாத்ரூம் போகணுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். வீட்டில் இடதுபக்கம் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுங்கள். முகம் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.