ஒன்றாம் நம்பர் சட்டை

"வேலையத்த பெரிசுங்க சார்... அம்பது வருஷம் முந்தி எவனோ பந்தைப் புடிச்சு ஓடினானாம். அதை இன்னிக்கும் உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்காங்க!"

விளையாட்டு ரசிகர்களின் பழங்கதையைக் கேட்டு இப்படி உதட்டைப் பிதுக்குகிற புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. இந்த வாரம் நான் அந்தப் பெரிசுகளின் கட்சி. அவர்கள் சார்பில் ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றப்போகிறேன். பெயர், சவுத் சிட்னி. ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தின் ரெட்ஃபர்ன் பேட்டையில் 1908-ல் பிறந்த ரக்பி லீக் கிளப். செல்லப் பெயர் 'ராபிட்டோஸ்'. ஆரம்ப கால ஆட்டக்காரர்கள் வயிற்றுப் பிழைப்புக்காகத் தெருத்தெருவாக முயல் கறி கூவி விற்றதால் வந்த பெயர் என்று சொல்வார்கள்.

ரெட்ஃபர்ன் எங்கே, ராயப்பேட்டை எங்கே, நமக்கென்ன வந்தது என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ரக்பி லீக் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவனை, நம் கபடியில் பாடி வருகிறவனை மடக்குவதுபோல, எதிராளிகள் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார்கள். எல்லோருக்கும் பின்னால் தனியாக ஒருத்தன் நிற்பான். ஒன்றாம் நம்பர் சட்டை. அவன்தான் ஃபுல்பேக். பன்னிரண்டு பேரைத் தாண்டி வருகிறவனை அவன் ஒருத்தன்தான் நிறுத்த வேண்டும். வானத்திலிருந்து இறங்குகிற பந்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது நாலு தடியர்கள் அவனை நோக்கி ஓடி வந்துகொண்டிருப்பார்கள். தப்பு செய்தால் மொத்த மைதானமும் பார்க்கும். அதனால்தானோ என்னவோ, ஃபுல்பேக்குகளை ரசிகர்கள் மறப்பதே இல்லை.

சவுத் சிட்னி ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்து, 'நம்ம கிளப்போட ஃபுல்பேக்குகளிலேயே பெரிய ஆள் யாரு?' என்று ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

முதல் பெயர் கிளைவ் சர்ச்சில். 1947 முதல் 1958 வரை ஆடியவர். குள்ளமான, ஒல்லியான மனிதர். 'லிட்டில் மாஸ்டர்' என்று பட்டம். அவருக்கு முன்பு ஃபுல்பேக் என்றால் பெரும்பாலும் காவல்காரன்தான்; பந்தைப் பிடி, திருப்பி உதை, அவ்வளவுதான். சர்ச்சில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். காவல்காரனே படைத்தளபதி ஆனது அவரால்தான் என்பது ரசிகர்கள் கட்சி.

1955-ல் மேன்லி அணியோடு ஒரு ஆட்டம். ஆரம்பத்திலேயே சர்ச்சிலின் கை முறிந்துவிட்டது. நோட்டுப் புத்தக அட்டையை வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு மறுபடி மைதானத்துக்கு வந்தார். கடைசி நேரத்தில் அவர் உதைத்த கோலில் சவுத்ஸ் 9-7 என ஜெயித்தது. அந்த வருஷம் தோல்வியின் விளிம்பிலிருந்து தொடர்ந்து பதினோரு ஆட்டங்களை ஜெயித்துக் கோப்பையையும் தூக்கினார்கள். இந்தக் கதையைத் தாத்தா பேரனுக்குச் சொல்ல, பேரன் தன் பேரனுக்குச் சொல்லுவான். எந்த விளம்பரக் கம்பெனியும் இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

"இருக்கட்டும்யா... பாயின்ட் எடுத்தது யாரு?" என்று இன்னொரு பெரிசு குறுக்கே பாயும். அவர் எரிக் சிம்ஸ் ஆள். பழங்குடி இனத்தில் பிறந்து, 1965-ல் சவுத்ஸுக்கு வந்தவர் சிம்ஸ். அவர் காலில் பந்து பட்டால் கம்பங்களுக்கு நடுவே போகும். ஓடுகிற ஆட்டத்தின் நடுவிலேயே உதைத்து அடிக்கிற 'ஃபீல்ட் கோல்' அவருக்குக் கைவந்த கலை... இல்லை, கால் வந்த கலை! 1970 இறுதி ஆட்டத்தில் மட்டும் நாலு ஃபீல்ட் கோல். அதுவரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாயின்ட். 1971-ல் அதை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு ஆளைச் சமாளிக்க முடியாமல் ஆட்டத்தின் விதியையே மாற்றினார்கள் என்று சிம்ஸ் கட்சிக்காரர்கள் இன்றும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, கிரெக் இங்கிலிஸ். பேரன்களின் கட்சி. அவருக்குப் பிறகு வருவோம்.

சரி, இந்த வெட்டிப்பேச்சால் என்ன லாபம்?

இங்கேதான் நம் புத்திசாலிகள் கவனிக்க வேண்டும். 1971-ல் சவுத்ஸ் தன் இருபதாவது கோப்பையை வாங்கியது. அதன் பிறகு ஒன்றுமில்லை. பத்து வருஷம், இருபது வருஷம், ஒன்றுமில்லை. கையில் காசும் இல்லை. 1990-களில் ரக்பி லீக்கை டி.வி. உரிமைக்காகப் பெரும் பண முதலைகள் இரண்டாகப் பிளந்து, பிறகு மறுபடி ஒட்டினார்கள். ஒட்டும்போது, 'கிளப்புகள் அதிகம், பதினாலாகக் குறைக்க வேண்டும்' என்றார்கள். கூட்டம் எவ்வளவு, வசூல் எவ்வளவு, ஸ்பான்சர் எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். 1999 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஆட்டத்தைத் தொடங்கிவைத்த கிளப்புகளில் ஒன்று, அதுவரை அதிகக் கோப்பைகள் வென்ற கிளப், வெளியே போகலாம்!

கணக்குப்பிள்ளைகளின் கூட்டல் கழித்தல் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பத்தியை விட்டுவிட்டார்கள். அந்தப் பெரிசுகளின் பேச்சு.

2000-ம் வருஷமும் 2001-லும் சவுத்ஸ் லீக்கில் இல்லை. ஆடாத அணிக்கு என்ன ரசிகர் இருக்க முடியும்? 2000 நவம்பரில் சிட்னி வீதிகளில் சவுத்ஸுக்காக ஊர்வலம் போனவர்கள் சுமார் 80,000 பேர். பார்க்க ஒரு மேட்ச் கிடையாது, கொண்டாட ஒரு கோப்பை கிடையாது. அவர்களில் பாதிப் பேராவது சர்ச்சிலின் ஆட்டத்தை நேரில் பார்க்காதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பிறகு எதற்காக வந்தார்கள்? கேட்ட கதைக்காக வந்தார்கள். அப்பா சொன்ன எரிக் சிம்ஸுக்காக வந்தார்கள்.

2001 ஜூலையில் கோர்ட் அப்பீலில் சவுத்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2002-ல் மறுபடி களம் இறங்கினார்கள். 2003-ல் உச்சமட்ட நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தலைகீழாகப் புரட்டியது. வெளியேற்றியது சட்டப்படி சரிதான் என்றது. ஆனால் மறுபடி அவர்களை யாரும் வெளியே தள்ளவில்லை. சட்டம் கைவிட்ட பிறகும் சவுத்ஸ் தங்கிவிட்டது. கணக்குப் புத்தகத்தில் இடமில்லாத ஏதோ ஒன்றுதான் அதைத் தாங்கிப் பிடித்தது.

"சும்மா சென்டிமென்ட் பேசாதீங்க சார், கடைசியில பணம்தானே காப்பாத்துச்சு?" என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்வி. 2006-ல் நடிகர் ரஸ்ஸல் க்ரோவும் ஒரு தொழிலதிபரும் சேர்ந்து கிளப்பின் 75 சதவிகிதத்தை வாங்கினார்கள். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் விற்றார்கள். உணர்ச்சி மட்டும் சோறு போடாது என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது, 1999-லேயே அந்தப் பெயரைப் புதைத்திருந்தால், 2006-ல் விலைக்கு வாங்க என்ன இருந்திருக்கும்? பெயரை உயிரோடு வைத்திருந்தது யார்? காசு வந்தது கடைசியில். கதைதான் முதலில்.

பெரிசுகளின் கட்சி என்று சொன்னேனே தவிர, அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. அவர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. பழசைப் பேசும்போது இனிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கசப்பைத் துப்பிவிடுகிறார்கள்.

1967 இறுதி ஆட்டத்தில் சவுத்ஸ் 12-10 என்று ஜெயித்தபோது, வெற்றி கோலை உதைத்தவர் எரிக் சிம்ஸ். அதே 1967-ல்தான், நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் பழங்குடிகளைச் சேர்க்காமல் விடும் அரசியல் சட்டப் பிரிவை, பொது வாக்கெடுப்பு நடத்தி நீக்கினார்கள். சிம்ஸ் 1965-ல் வந்தபோது அவர் அடித்த பாயின்ட்டுகளை எண்ணினார்கள். அவரை எண்ண அரசியல் சட்டத்தில் இடமில்லை. சிம்ஸின் கோல்களைச் சிலாகிக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அதெல்லாம் பழைய கதை என்று நழுவவும் முடியாது. 2023 மார்ச்சில் பென்ரித் மைதானத்தில், சவுத்ஸின் ஃபுல்பேக்காக ஆடிய லாட்ரெல் மிட்செல் காதுபட ஒருவன் இனவெறி வசவை வீசினான். அதே ஒன்றாம் நம்பர் சட்டை, அதே பழங்குடி ரத்தம், அதே வசவு. மறதி என்பது வெறும் மறதியல்ல. அடுத்த வசவுக்குக் கொடுக்கிற லைசென்ஸ்.

இப்போது இங்கிலிஸுக்கு வருவோம். 2014 அக்டோபர் 5. சிட்னியில் இறுதி ஆட்டம். அரங்கத்தில் 83,833 பேர். கேன்டர்பரி அணியை 30-6 என்று சவுத்ஸ் வீழ்த்துகிறது. 43 வருஷக் காத்திருப்பு முடிகிறது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஃபுல்பேக் கிரெக் இங்கிலிஸ் கடைசி 'ட்ரை'யைப் போட்டுவிட்டு, தன் வழக்கப்படி உடும்பு போலத் தரையில் படுத்து ஊர்கிறார். தன் பழங்குடி வேருக்கு அவர் செய்கிற மரியாதை அது. சிம்ஸை எண்ண மறுத்த நாட்டில், அந்த உடும்பு நடையைக் கோடிக்கணக்கான ரூபாய் புரளும் டி.வி. கேமராக்கள் குனிந்து நின்று படம் பிடித்தன.

அந்தச் சில விநாடிகளில் எத்தனை தாத்தாக்கள் அழுதிருப்பார்கள்! இருபத்தெட்டு வயதில் 1971 கோப்பையைப் பார்த்தவருக்கு 2014-ல் எழுபத்தொன்று. நடுவில் இருந்த 43 வருஷமும் அவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். 'சர்ச்சிலா, சிம்ஸா?' என்ற அந்த முடியாத சண்டை.

அதனால் அடுத்த முறை நாலு பெரிசுகள் உட்கார்ந்து பழைய ஆட்டக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அவர்கள் பொழுதைப் போக்கவில்லை. எல்லோரும் முன்னால் ஓடிவிட்ட பிறகு, கடைசி ஆளாகப் பின்னால் நின்று, மேலே இருந்து விழுகிற ஒன்றைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களும் ஃபுல்பேக்குகள்தான்.